பிரிட்டன் இளவரசி ஆன் தன் இரண்டு தம்பிகளைவிட மூத்தவர். ஆனால் அரியணைக்கான வாரிசு வரிசையில் அவர்களுக்குப் பின்னால் நிற்கிறாரே, ஏன்?

பிறந்த தேதிதான் காரணம். 2011 அக்டோபர் 28-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு மட்டுமே ஆண், பெண் பேதம் இல்லை என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். ஆன் பிறந்தது 1950-இல். தம்பிகளும் அவர்கள் பிள்ளைகளும் போகத்தான் அவர் முறை. எனக்கு இது அநியாயமாகவே படுகிறது. இளவரசர் வில்லியமின் மகள் சார்லட்டோ புதிய விதிக்குள் வருபவர்; 2018-இல் அவருடைய தம்பி லூயி பிறந்தபோது சார்லட்டின் இடம் அசையவில்லை.

அடிப்படை விதி 1701-இல் வந்தது. கத்தோலிக்கர் அரியணை ஏற முடியாது. அன்று அடுத்த வாரிசாக அறிவிக்கப்பட்ட, ஜெர்மனியின் ஹனோவர் அரச குடும்பத்துச் சோஃபியாவின் புராட்டஸ்டன்ட் வழித்தோன்றல்களுக்கே உரிமை. பாவம், சோஃபியாவுக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1714 ஜூனில், 83 வயதில், தோட்டத்தில் உலாவும்போது மழை பிடித்துக்கொள்ள, ஒதுங்க விரைந்தவர் அப்படியே சரிந்து இறந்தார். இரண்டு மாதத்துக்குள் அன்றைய அரசியும் காலமாக, சோஃபியாவின் மகன் முதலாம் ஜார்ஜ் மன்னரானார்.