திங்கள் ராத்திரிப் படபடப்பு

கேள்வி: என் கணவருக்கு வாரம் மூன்று டயாலிசிஸ்: செவ்வாய், வியாழன், சனி. திங்கட்கிழமை ராத்திரியானால் நெஞ்சு படபடக்கிறது, கால் துவள்கிறது என்கிறார். சில நாள் டயாலிசிஸ் முடியும் நேரத்திலும் படபடப்பு வருகிறது. ஏன் டாக்டர்?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: சனிக்குப் பிறகு செவ்வாய்தான். வாரத்தின் நீண்ட இடைவெளி அது. பொட்டாசியமும் நீரும் உடம்பில் ஏறிக்கொண்டே போகும். ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய பொட்டாசியம் 6.5-ஐத் தாண்டினால் துடிப்பு தடுமாறும், நின்றும் போகலாம். கால் துவள்வதும் அதனால் இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள் அம்மா. அப்போதே அவசரப் பிரிவுக்குப் போய் ஈசிஜி எடுங்கள்.

டயாலிசிஸ் முடிவில் வருவது வேறு கதை. நீரையும் பொட்டாசியத்தையும் மெஷின் வேகமாக இழுக்கும்போது சிலருக்குத் துடிப்பு ஒழுங்கு தவறும். உடனே டெக்னீஷியனிடம் சொல்லச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

அப்புறம், இளநீர் கொடுக்கிறீர்களா? அதில் பொட்டாசியம் அதிகம், வேண்டாம். 'வெயிலுக்கு நல்லது' என்று மருமகள் ஆசையாக வெட்டிக் கொடுத்த இரண்டு இளநீரோடு ஐசியூவுக்கு வந்தவரை நானே பார்த்திருக்கிறேன். 'சோடியம் குறைந்த உப்பு' பாக்கெட்டும் வேண்டாம். அதில் இருப்பது பொட்டாசியம்.