நேராகவே கேளுங்கள்: பெங்களூரு தமிழ்ப் பெற்றோர் கேள்வி பதில்

(பதில் சொல்பவர் பள்ளி மனநல ஆலோசகர்)

ஜாலஹள்ளி தாய்: பத்தாம் வகுப்பு மகள் மூன்று வாரமாகத் தூங்குவதில்லை. ஆசை ஆசையாகச் சேர்த்த வளையல்களைத் தங்கையிடம் கொடுத்து, "இனி எனக்கு எதற்கு" என்கிறாள். வயதுக் கோளாறுதானே, மேடம்?

பதில்: இல்லையம்மா, தள்ளிப்போடாதீர்கள். தூக்கம் கெட்டு, ஆசைப் பொருளையும் கொடுத்துவிட்டால் எனக்குப் பயம் வரும். இன்றிரவே டி.வி.யை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்காருங்கள். "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா கண்ணு?" என்று நேராகவே கேளுங்கள். பதில் வரும்வரை பேசாதிருங்கள். ஓர் அம்மா இப்படிக் கேட்டபோது, மகன் வெகுநேரம் சட்டைப் பித்தானையே திருகிக்கொண்டிருந்துவிட்டு, "உனக்கு எப்படித் தெரியும்?" என்றானாம். "ஆமாம்" என்றால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளைப் பூட்டிவிடுங்கள். 14416, டெலி மானஸ், அரசின் மனநல உதவித் தொலைபேசி எண்: இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். நிலைமை மோசமென்றால் நள்ளிரவானாலும் ஓசூர் சாலை நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அல்சூர் வாசகர்: கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட மாட்டோமா?

பதில்: மாட்டோம். ஆய்வுகளும் அதைத்தான் சொல்கின்றன. கேட்டால் பிள்ளையின் பாரம் குறையும்.

சிவாஜிநகர் வாசகி: மகனின் மன அழுத்த மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கே.ஆர்.புரம் தந்தை: நாங்கள் பெல்ட்டால் அடி வாங்கி வளர்ந்தவர்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் சும்மா மிரட்டுகிறார்கள்.

பதில்: ஐயா, 2022-இல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். "சும்மா" என்ற சொல்லை விட்டுவிடுங்கள்.

அல்சூர் வாசகி: என் தம்பியும் சொல்லிக்கொண்டேதான் இருந்தான். நாங்கள்தான் நம்பவில்லை.

கே.ஆர்.புரம் தந்தை: மன்னியுங்கள் அம்மா. ஆனால் கண்டிக்கவே கூடாதா?

பதில்: கண்டியுங்கள். நாலு பேர் முன்னால் மதிப்பெண்ணைச் சொல்லிக் கூனிக்குறுக வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். அடி மறந்தாலும் அந்த அவமானம் மறக்காது என்று பிள்ளைகள் என்னிடம் அழுதிருக்கிறார்கள்.

பானஸ்வாடி வாசகர்: தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்மீது போலீஸ் வழக்கு வருமா?

பதில்: அதற்குப் பயந்து சிகிச்சையைத் தாமதிக்காதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளச் சொல்கிறது. வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது என்கிறது.

எலஹங்கா வாசகி: கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடாதா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். வராது, வராது. கேளுங்கள்.

ஜாலஹள்ளி தாய்: கேட்டேன், மேடம். தலையை ஆட்டினாள். என் மடியில் படுத்து அழுகிறாள்.

பதில்: அவளை அணைத்தபடியே 14416-ஐ அழையுங்கள். இந்த அம்மாவின் கணவர் இங்கிருந்தால் உடனே வீட்டுக்குப் போங்கள். மற்றவர்களின் கேள்விகளை நாளை பார்க்கிறேன்.