பிஸ்டனை மாற்றுவதற்கு முன்

கேள்வி: என்னுடையது பழைய இரட்டை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி). வேகமாகப் போகும்போது இழுவை குறைந்து நின்றுவிட்டது. ஆறியபின் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் சக்தி இல்லை. ஸ்டார்ட்டர் கயிறும் லேசாக வருகிறது. இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா?

பதில்: கயிறு லேசாக வருகிறது என்றால் ஏதோ ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் (உள்ளே ஏறும் அழுத்தம்) போயிருக்கலாம். உறுதி செய்யாமல் எதையும் பிரிக்காதீர்கள். இரண்டு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, அவற்றின் வயர் மூடிகளை இன்ஜின் உலோகத்தோடு இணைத்து எர்த் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் இக்னிஷன் கெட்டுப்போகலாம். ஒவ்வொரு சிலிண்டராக, பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்துங்கள். த்ராட்டிலை முழுவதும் திறந்து பிடித்தபடி, கேஜின் முள் மேலே ஏறாமல் நிற்கும்வரை கயிற்றை இழுங்கள். ஐந்தாறு இழுப்பு போதும். 120 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) அளவில் இருந்தால் பல பழைய இன்ஜின்களுக்கு நல்ல நிலைதான். இன்ஜினுக்கு இன்ஜின், ஏன், உயரமான இடங்களிலும்கூட இந்த எண் மாறும். ஆகவே இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். அது 10 சதவீதத்துக்கு மேல் போனால் உள்ளே கோளாறு இருக்கிறது.

அடுத்து எக்ஸாஸ்ட் குழாயைக் கழற்றி, போர்ட் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கத்தில் மட்டும் செங்குத்தாகக் கீறல் இருந்தால், பெரும்பாலும் கலவையில் பெட்ரோல் குறைந்தோ ஆயில் போதாமலோ சூடேறியிருக்கிறது. சுற்றிலும் நாலு இடத்தில் உராய்ந்திருந்தால், இன்ஜின் மெல்லச் சூடாகும் முன்பே த்ராட்டிலை முழுவதும் கொடுத்ததால் பிஸ்டன் சிலிண்டரைவிட வேகமாக விரிந்து பிடித்திருக்கிறது. பிளக் முனையில் வெள்ளி மணிகள் போல ஒட்டியிருப்பது பிஸ்டனிலிருந்து உருகிய அலுமினியம்.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். புது பிஸ்டனைப் போட்டு ஓட்டினால், பழையதைக் கொன்ற காரணமே புதியதையும் கொல்லும். எனவே கிராங்க்கேஸில் (பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் அறை) காற்றுக் கசிவு உண்டா என்று சோதியுங்கள். இன்டேக், எக்ஸாஸ்ட் வாய்களை அடைத்து, பிளக்குகளைப் போட்டு, சுமார் 6 பி.எஸ்.ஐ. காற்று ஏற்றுங்கள், அதற்கு அதிகம் மேல் ஏற்றினால் சீல் பிதுங்கலாம். ஒரு நிமிடத்தில் 1 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கக் கூடாது. இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கார்புரேட்டர் ரப்பர் பூட்டின் வெடிப்பு, கிளட்சுக்குப் பின்னால் உள்ள கிராங்க் சீல், மேக்னெட்டோவுக்குப் பின்னால் உள்ள சீல் என மூன்று இடத்தில் ஒன்றில்தான் பெரும்பாலும் குமிழி வரும். த்ராட்டிலை விட்ட பிறகும் ஐடில் (சும்மா ஓடும் வேகம்) உயர்ந்தே நின்றிருந்தால், அதுவும் இதே கசிவின் அறிகுறி.

கசிவே இல்லையா? கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைகளான ஜெட்டுகளைப் பாருங்கள். நாள்பட்ட பெட்ரோல் காய்ந்த பச்சைப் படிவு அவற்றில் மிகச் சிறியதான பைலட் ஜெட்டை முழுவதும் அடைத்துவிடும்.

கேள்வி: ஐடிலில் நன்றாக ஓடுகிறது. முழு த்ராட்டிலில் திணறுகிறது. ஸ்பார்க் நன்றாக உள்ளது.

பதில்: பெட்ரோல் போதவில்லை. டேங்க் மூடியைத் தளர்த்தி ஓட்டுங்கள். சரியானால் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இல்லையெனில் ஃபில்டரையும், கிராங்க்கேஸிலிருந்து பெட்ரோல் பம்புக்குப் போய் அதை இயக்கும் பல்ஸ் குழாயையும் பாருங்கள். அந்தக் குழாய் இறுகி வெடித்திருந்தால் பம்பின் டயாஃப்ரம் (உள்ளே அசையும் மெல்லிய தகடு) முழு அளவு அசையாது. திணறும்போது த்ராட்டிலை அழுத்திப் பிடிக்காதீர்கள், அந்தச் சில நொடிகளில்தான் பிஸ்டன் உருகுகிறது.

கேள்வி: ஆயிலைத் தானாகவே செலுத்தும் ஆயில் இன்ஜெக்ஷன் இருந்தும் பெட்ரோலில் ஆயில் கலக்கலாமா?

பதில்: பிஸ்டன் மாற்றியபின் முதல் டேங்குக்குக் கலப்பது நல்லது. 50:1 (ஐம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில்) என்றால் லிட்டருக்கு 20 மில்லி. கூடவே ஆயில் குழாயில் காற்றுக் குமிழி இல்லாதபடி வெளியேற்றி, ஆயில் பம்ப் லீவரின் கோடுகள் நேராக வருகின்றனவா என்று கேபிளைச் சரிபாருங்கள்.