பேஸ்பாலில் ‘எலிமினேஷன் நம்பர்’ என்றால் என்ன? அதைப் பார்த்து ரசிகர்கள் ஏன் மனம் தளர்கிறார்கள்?

அமெரிக்க மேஜர் லீக்கில் ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள். பிளேஆஃப் கனவு கலைய இன்னும் எவ்வளவு பாக்கி என்று காட்டுவதுதான் இந்த எண். நம் அணி தோற்றால் ஒன்று குறையும். முன்னால் இருக்கும் அணி வென்றாலும் ஒன்று குறையும். அதனால் நாம் ஜெயித்த நாளிலும் எண் இறங்கலாம். அதுதான் ரசிகர்களை உடைத்துவிடுகிறது. கிளம்பிவிட்ட பஸ்ஸைத் துரத்துவது போல: நாம் ஓடினால் மட்டும் போதாது, அது எங்காவது நிற்கவும் வேண்டும்.

சில சமயம் நிற்கும். 2011 ஆகஸ்ட் கடைசியில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், அட்லாண்டா பிரேவ்ஸைவிடப் பத்தரை ஆட்டம் பின்தங்கியிருந்தது. பிரேவ்ஸ் கடைசி 5 ஆட்டங்களிலும் தோற்றது. பிளேஆஃப் உள்ளே நுழைந்த கார்டினல்ஸ், லீக்கின் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரையே (வேர்ல்ட் சீரிஸ்) வென்றது!

பாதிக்கு மேல் தோற்ற அணி தானாக வெளியேறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி விதி எதுவும் இல்லை.