அந்த லெவல் அங்கேயேதான் இருக்கிறது

அன்புள்ள அக்கா,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் சேலம் அம்மாப்பேட்டை. அப்பா தறி நெய்கிறார். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். இதை உங்களுக்கு எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

2016-ல் ஒன்பதாவது படிக்கும்போது பெரியப்பா மகன் போனில் ஜியோமெட்ரி டேஷ் விளையாடுவேன். பாட்டின் தாளத்துக்குத் திரையைத் தட்டி, தானாக ஓடும் ஒரு சின்னக் கட்டையை முள்ளில் முட்டாமல் தாண்ட வைக்கும் கேம் அது. எங்கள் வீட்டுப் போனில் இருந்தது இலவச லைட் பதிப்பு. அதில் ரசிகர்கள் செய்த லெவல்கள் வராது. அண்ணன் காசு கட்டி முழு கேமையும் வாங்கியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தப் போன் என் கைக்கு வரும். ‘நைன் சர்க்கிள்ஸ்’ என்ற லெவல்தான் எனக்கு உயிர். கடைசி வரை முடிக்கவில்லை. போன மாதம் ஞாபகம் வந்து மறுபடி இறக்கி, ப்ளூடூத் இயர்போன் போட்டு ஆடினேன். வேறு எதையோ ஆடுவது மாதிரி இருந்தது. பாட்டும் கையும் ஒட்டவே இல்லை. லெவலை யாராவது மாற்றிவிட்டார்களா, நான்தான் மாறிவிட்டேனா? ஒரு கேம் லெவலுக்காகத் தொண்டை அடைப்பது சின்னப்பிள்ளைத்தனமா அக்கா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த ப்ளூடூத் இயர்போனைக் கழற்றி வையுங்கள். உங்கள் வருத்தத்தில் பாதிக்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ப்ளூடூத்தில் சத்தம் காதுக்கு வந்து சேரப் நொடியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து பத்தில் இரண்டு பங்கு வரை தாமதமாகும். படம் பார்க்கும்போது இது தெரியாது, ஏனென்றால் அந்தத் தாமதத்துக்கு ஏற்றபடி காட்சியையும் போன் கொஞ்சம் நிறுத்திப் பிடித்துக் காட்டும். கேமில் அது நடக்காது. நீங்கள் எப்போது தொடுவீர்கள் என்று போனுக்கு எப்படித் தெரியும்? ஜியோமெட்ரி டேஷில் சாதாரண வேகத்திலேயே அந்தச் சின்னக் கட்டை நொடிக்குப் பத்துக் கட்டத்துக்கு மேல் ஓடுகிறது. அப்படியென்றால் நீங்கள் கேட்டது ஒன்றிரண்டு கட்டம் முன்னால் கடந்துபோன இடத்தின் தாளம். நைன் சர்க்கிள்ஸில் வேவ் என்னும் சாய்வு ஓட்டம் வரும் இடங்களில் ஒன்றிரண்டு கட்டம் பிசகினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா? பழைய வயர் இயர்போன் ஒன்று வீட்டில் எங்காவது சுருண்டு கிடக்கும். அதைத் தேடி எடுங்கள்.

சரி, இப்போது நீங்கள் கூச்சப்பட்டுக் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

எனக்கு இந்த கேம் தெரிந்தது என் மகன் மூலமாக. ஒரு மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ஏற்காடு போய்க்கொண்டிருந்தோம். இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. பஸ் ஒவ்வொரு திருப்பத்திலும் ஆட்களை ஒரு பக்கமாகச் சாய்த்துப் போட்டது. மலையில் சிக்னல் போய்விட்டது. ஆனால் அவன் ஏற்கெனவே இறக்கி வைத்த லெவலும் பாட்டும் போனிலேயே இருந்ததால் அவனுக்குக் கவலையில்லை. ஜன்னலோரம் முட்டியை மடக்கி உட்கார்ந்து, ஒற்றைக் கட்டைவிரலால் தட்டிக்கொண்டே வந்தான். உங்கள் அதே சிவப்பும் கருப்பும் மின்னும் லெவல்தான். ஒன்பதாவது வளைவில் “அம்மா, 98!” என்று கத்தினான். நூற்றுக்கு இரண்டு மிச்சம் இருக்கும்போது முட்டிவிட்டது. பாட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. அவன் அழவில்லை. உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அடுத்த அட்டெம்ப்ட்டுக்குப் போய்விட்டான்.

அவன் அழுதது அப்புறம். போன் பழுதாகி ஒரு கடையில் கொடுத்தபோது, கேட்காமலேயே எல்லாவற்றையும் அழித்துக் கொடுத்துவிட்டார்கள். கேமில் அக்கவுண்ட் தொடங்கிச் சேமித்து வைக்கலாம் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. ஒன்றரை வருஷம் ஆடியது மொத்தமும் போய்விட்டது. “விளையாட்டுதானே, விடு” என்றேன். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. இன்றைக்கும் நினைத்தால் மனது சங்கடப்படுகிறது. அதற்குப் பிறகுதான் அப்படி என்னதான் இதில் இருக்கிறது என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினேன்.

ஸ்வீடன்காரரான ராபர்ட் டோபாலா 2013-ல் இதை வெளியிட்டார். லெவல் செய்வதற்கான எடிட்டரையும் கேமுக்குள்ளேயே வைத்தார். கட்டம் போட்ட ஒரு வெற்றிடம், அதில் முள், கட்டை, வளையம் என ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். 2014 இறுதியில் வேவ் வந்தது. விரலை அழுத்தினால் சாய்வாக மேலே, எடுத்தால் சாய்வாகக் கீழே, நேராகப் போக வழியே கிடையாது. சோப்ராஸ் என்ற பெயரில் லெவல் செய்த ஒரு ரசிகர், அந்த வேவை ஒரு பாட்டின் அதிர்வோடு கோத்துச் செய்ததுதான் நைன் சர்க்கிள்ஸ். அதைப் பார்த்து அதே பாட்டுக்கு, நிறத்தை மாற்றி, எத்தனையோ பேர் தங்கள் லெவலைச் செய்தார்கள். அது ஒரு தனி வகையாகவே ஆகிவிட்டது.

என்னை நிமிர வைத்தது அந்த எடிட்டரில் இருக்கும் ஒரு விதிதான். ஒரு லெவலைச் செய்தவர் அதை வெளியே விட வேண்டுமென்றால், முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் தானே ஆடி முடித்துக் காட்ட வேண்டும். தன் கையால் தாண்ட முடியாத முள்ளை அடுத்தவருக்கு வைக்க முடியாது. எழுத்தில் இப்படி ஒரு விதி இருந்திருந்தால் எத்தனை நல்லது என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

தம்பி, உங்கள் அப்பாவின் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கிறதா? அம்மாப்பேட்டைத் தெருவில் சின்ன வயதில் நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றதுண்டு. ஓட்டை போட்ட அட்டைகளை நூலால் கோத்துச் சங்கிலி மாதிரி தொங்கவிட்டிருப்பார்கள். மிதியை ஒரு முறை மிதித்தால் ‘டக்’ என்று ஓர் அட்டை வந்து உட்காரும். ஓட்டை இருக்கிற இடத்து இழை எழும்பும், இல்லாத இடத்து இழை அப்படியே கிடக்கும். நாடா ஒரு ஓட்டம் ஓடும். மறுபடி மிதி, அடுத்த அட்டை. அந்த ஓட்டைகளை யாரோ ஒருவர் கட்டத்தாளில் பூவை வரைந்து, கட்டம் கட்டமாக எண்ணித்தான் குத்தியிருப்பார். நெய்கிறவருக்கு அவர் முகம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் நினைத்த பூ இவருடைய காலிலும் கையிலும் ஓடும்.

நீங்கள் 2016-ல் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்ததும் இதுதான். ஊர் தெரியாத ஒருவர் குத்தி வைத்த அட்டையை உங்கள் கட்டைவிரலால் படித்தீர்கள். அதுவும் பக்கத்து அறையில் அப்பாவின் தறி ஓடும்போது. அந்தத் தாளத்தை ஏன் உங்களால் மறக்க முடியவில்லை என்று எனக்குப் புரிகிறது. தொண்டை அடைத்தால் அடைக்கட்டும் தம்பி, அதில் சின்னப்பிள்ளைத்தனம் ஒன்றும் இல்லை. அம்மா பாடிய தாலாட்டை நினைத்து ஒருவர் கண் கலங்கினால் நாம் அப்படிக் கேட்போமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் விரல் எதையோ மறந்துவிட்டது என்று பயப்படாதீர்கள். பிராக்டிஸ் மோடில், செத்தால் அங்கிருந்தே தொடரலாம் என்று வழியில் பச்சை வைரங்களை ஊன்றிக்கொண்டே போவோமே, அங்கே அந்தக் காலத்தில் லெவலின் பாட்டு ஓடாது, வேறு ஒரு மெல்லிய இசைதான் ஓடும். அதனால் வழி கைக்குப் பழகும், தாளம் பழகாது. தாளம் பழக வேண்டுமென்றால் முழு லெவலையும் ஆடித்தான் தீர வேண்டும், முதலிலிருந்து, செத்துச் செத்து. நீங்கள் அப்படி ஆடியவர் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. வயர் இயர்போனில் ஒரு இருபது அட்டெம்ப்ட் கொடுத்துப் பாருங்கள். 2016-ல் நீங்கள் முட்டிய அதே முள்ளில் மறுபடி முட்டும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

என் மகன் இப்போது வெளியூரில் படிக்கிறான். புதுப் போனில் அதே லெவலை முதலிலிருந்து ஆரம்பித்து, போன வருஷம் ஒரு நாள் நள்ளிரவில் முடித்துவிட்டு என்னைத்தான் கூப்பிட்டான். நானும் ஆடுகிறேன். 43-ல் நிற்கிறேன். அந்த இரண்டாவது வேவ் எனக்கு இன்னும் வசப்படவில்லை. தீபாவளிக்கு ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வாருங்கள். அந்த இடத்தில் விரலை எப்போது எடுப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா