கிறிஸ்துமஸ் அலங்காரம்: எந்த நிறம் எடுபடும்?

கேள்வி: எங்கள் ஹாலில் சுவர் வெளிர் பச்சை, தரை ரெட் ஆக்சைடு. சிவப்பு, பச்சை, நீலம், தங்கம், வெள்ளி என்று கையில் கிடைத்த தோரணத்தையெல்லாம் கட்டிவிடுகிறோம், கண்ணைக் குத்துகிறது. இந்த வருடம் என்ன நிறம் வைக்கலாம்?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: சிவப்பும் பச்சையும் உங்கள் தரையிலும் சுவரிலும் ஏற்கெனவே இருக்கின்றன, அதே நிறத்தில் தோரணம் கட்டினால் எடுபடாது. வெள்ளையும் தங்கமும் போதும். கோயிலிலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக்காலம் முழுக்க ஊதாவாக இருந்த பீடத்துணி கிறிஸ்துமஸுக்கு வெள்ளைக்கோ தங்கத்துக்கோதானே மாறுகிறது? நீங்களும் மெழுகுவத்தி வளையத்தில் ஊதா ரிப்பன் கட்டி வைத்து, 24ஆம் தேதி இரவு அதைக் கழற்றிவிட்டு வெள்ளை கட்டிப் பாருங்கள், அந்த அழகே தனி. மரத்தில் வெள்ளை அதிகம், தங்கம் அதில் பாதி, சிவப்புப் பந்து அங்கங்கே நாலைந்து. வெள்ளியும் நீலமும் இந்த முறை பெட்டியிலேயே இருக்கட்டும்.

அப்புறம் விளக்கு. பலர் கோட்டை விடுவது இங்கேதான். சீரியல் பல்பு வாங்கும்போது அட்டையில் வார்ம் ஒயிட் (மஞ்சள் கலந்த வெள்ளை), 2700 அல்லது 3000 கெல்வின் என்று இருக்கிறதா பாருங்கள். ட்யூப்லைட் மாதிரி நீலம் கலந்த 6500 கெல்வின் வெளிச்சத்தில் தங்க நிறம் வெளிறிப்போகும், அதனால் மாலையில் ட்யூப்லைட்டையும் அணைத்துவிடுங்கள். வாசல் நட்சத்திரம் மட்டும் பிள்ளைகள் கேட்கும் நிறத்தில் இருக்கட்டும்.

குடிலில் ஜிகினா வேண்டவே வேண்டாம். வைக்கோல், மண், டிசம்பர் நடுவில் தட்டில் கேழ்வரகு தூவி முளைக்கவைத்த பச்சைப் புல், உள்ளே மஞ்சளாக ஒரு சின்ன பல்பு, அவ்வளவுதான்.