டர்ஃப் போடும் முன் தண்ணீருக்கு வழி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கோத்தகிரி அருகே தேயிலைச் சரிவை வெட்டி 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் செயற்கைப் புல் (டர்ஃப்) மைதானம் அமைக்கப்போகிறோம். வெட்மிக்ஸ் (ஜல்லியும் கல்தூளும் நீரும் சேர்ந்த கலவை) கொட்டி, மேலே கிரஷர் டஸ்ட் (கல்தூள்) விரித்து உருட்டினால் போதும் என்கிறார் ஒப்பந்தக்காரர். சரியா?

பதில்: மலைக்கு அது சரிவராது. டஸ்ட்டை உருட்ட உருட்ட இறுகிப்போய்த் தண்ணீரை உள்ளே விடாது. விட்டாலும் நீரோடு இறங்கிக் குழாயை அடைத்துவிடும். உங்களுக்கு வானத்து மழை மட்டுமல்ல, மேட்டுச் சரிவில் வழிந்து வருவதும், வெட்டிய மண்ணிலிருந்து கசிவதும் சேரும். ஆகவே முதல் செலவு மேட்டுப் பக்கக் கால்வாய்க்கு. மைதானத்துக்கு வெளியே, வெட்டுச் சரிவின் அடியில் 45 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழத்தில் கல் கட்டி, வரும் நீரை அங்கேயே திருப்பிவிடுங்கள்.

பொக்லைன் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வாங்க வேண்டும். உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது என்பதால் மண் வேலையை ஜனவரியில் தொடங்கி, கோடை மழைக்குள் முடிக்கப் பாருங்கள்.

மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பும்போதுதான் பெரும்பாலான மைதானங்கள் கெடுகின்றன. வெட்டிய பாதி அசையாது, நிரப்பிய பாதி இறங்கும். இரண்டும் சேரும் கோட்டில் பிறகு படி விழும். மேல்மண்ணையும் தேயிலை வேர்களையும் 20 செ.மீ. வரை முழுதாக எடுங்கள். சரிவைப் படிக்கட்டுப் போல வெட்டிவிட்டு, 15 முதல் 20 செ.மீ. அடுக்குகளாகக் கொட்டி ஒவ்வொன்றையும் உருட்டுங்கள். மண்ணைக் கைப்பிடியில் இறுக்கிப் பாருங்கள். உருண்டையாக நின்று, கீழே போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். பொடிந்தால் தண்ணீர் தெளியுங்கள், பிசுபிசுத்தால் காயவிடுங்கள். முடிந்தால் நிரப்பிய மண் ஒரு மழைக்காலம் கிடந்து இறங்கிய பிறகு அடுத்த வேலைக்குப் போங்கள்.

மண் தளத்துக்குப் பள்ளப் பக்கமாக நூற்றுக்கு ஒன்று வாட்டம் கொடுங்கள். 20 மீட்டர் அகலத்துக்கு 20 செ.மீ. இறக்கம். 6 மீட்டருக்கு ஒன்றாக, சற்றுச் சாய்வாக, 30 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழத்தில் வாய்க்கால் தோண்டி, மண்ணைத் தடுத்து நீரை மட்டும் விடும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, 110 மி.மீ. துளைக் குழாயைக் கழுவிய முக்கால் (அங்குல) ஜல்லிக்குள் பதியுங்கள். ஏறத்தாழ 150 மீட்டர் குழாய் பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் துளையுள்ள குழாயானால் துளை கீழ்நோக்கி இருக்கட்டும், மேலே வைத்தால் வண்டல் சேரும். எல்லாம் பள்ள ஓரத்தில் 160 மி.மீ. குழாயில் சேரட்டும்.

தளம் முழுவதும் துணி விரித்து, இணையும் இடங்களில் ஒரு துணிமேல் மற்றது 30 செ.மீ. படியும்படி போடுங்கள். அதன்மேல் 15 செ.மீ. கனத்துக்கு ஒன்றரை ஜல்லியும் முக்கால் ஜல்லியும், அதற்கு மேல் 4 செ.மீ. சிப்ஸ் (பொடி ஜல்லி). உருட்டலில் குறைவதையும் சேர்த்து ஜல்லி 50 யூனிட், சிப்ஸ் 14 யூனிட் வேண்டும் (ஒரு யூனிட் 100 கன அடி). 3 மீட்டர் மட்டப் பலகை வைத்தால் அடியில் 10 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரியக்கூடாது.

புல் கம்பளம் வரும் முன் ஒரு டேங்கர் தண்ணீரை ஊற்றி, 160 மி.மீ. குழாய் வந்து சேரும் வண்டல் தொட்டியைப் பாருங்கள். முதல் கலங்கல் போய்த் தெளிய வேண்டும். விடாமல் செம்மண்ணாக வந்தால் துணி எங்கோ கிழிந்திருக்கிறது. அப்போது ஜல்லியைத் தள்ளிப் பார்ப்பது எளிது, டர்ஃப் ஒட்டிய பிறகு பெரும் வேலை.

ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. பெய்தால் உங்கள் மைதானத்தில் 40,000 லிட்டர் விழும். நூற்றுக்கு ஒன்று வாட்டத்தில் 160 மி.மீ. குழாய் அதைக் கொண்டுபோகும். ஆனால் அது கொட்டும் இடத்தில் மண் அரிக்கும். தடுப்புச் சுவரின் அடியிலோ கீழ்த்தோட்டத்திலோ விடாதீர்கள். அந்த வண்டல் தொட்டி வழியாக, கல் பதித்த படிக் கால்வாயில் ஓடை வரை இறக்குங்கள். கீழே குடியிருப்பவர்களின் வீட்டுச் சுவரும் இதை நம்பித்தான் நிற்கிறது.

கேள்வி: குன்னூரில் எங்கள் டர்ஃப்பின் ஒரு மூலையில் தண்ணீர் தேங்குகிறது, புல் இழைகளுக்கு இடையே தூவிய ரப்பர் துகளும் அங்கேயே குவிகிறது. டர்ஃப் முழுவதையும் மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். மழையின்போதே குழாய் சேரும் வண்டல் தொட்டியைத் திறந்து பாருங்கள். குழாய் நிறைந்து நகராமல் நின்றால் வெளிவாய் அடைப்பு, கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம். குழாயில் சொட்டுக்கூட இல்லையென்றால் மேல்தளம் இறுகிவிட்டது. துகள் ஓரிடத்தில் குவிவது நீர் இறங்காமல் மேலே ஓடுவதன் அடையாளம். தேங்கும் இடத்தைவிட அரை மீட்டர் கூடுதலாக இணைப்பைப் பிரித்து, இறுகிய தூளை வாரியெடுத்து, சிப்ஸ் நிரப்பி மட்டம் பாருங்கள். பாசி பிடித்திருந்தால் முதலில் கடின பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள்.

கேள்வி: ஊட்டியில் உறைபனி விழுந்த காலையில் விளையாடலாமா?

பதில்: வெயிலில் பனி முழுதும் உருகிய பிறகு விளையாடுங்கள். உறைந்த இழை மிதிபட்டால் ஒடியும், ஆளும் வழுக்கி விழுவார். சுடுநீர் ஊற்றவோ உப்புத் தூவவோ வேண்டாம்.